தகரப் பெட்டியில் பூட்டிய ஜமீத்

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகன் நாயிஃபின் கல்யாண விருந்து. எங்கள் ஊர் கரக்கில், சோற்றின்மேல் ஆட்டிறைச்சியும் குழம்புமாகப் பரிமாறும் எங்கள் வீட்டு மன்சஃபைச் சாப்பிட்டவர்கள் அடுத்த கல்யாணம் வரை அதைத்தான் பேசுவார்கள். பெருமை ஆட்டிறைச்சிக்கு அல்ல, அது வேகும் ஜமீத் குழம்புக்கு. ஜமீத் என்றால் ஆட்டுத் தயிரை உருட்டிக் கல்போலக் காயவைத்த உருண்டைகள், எல்லாம் என் மனைவி கைப்படச் செய்தவை. யாரும் தொடாதபடி தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தேன்.

ஏற்பாடுகளை மூத்த மகள் ருதைனா பார்த்தாள். விருந்தாளிகள் சலிக்கக் கூடாதென்று பாட்டுக்காரர்கள், பெரிய கூடாரம், குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி. எதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து காற்றாட விடச் சொல்லி மூன்று முறை கேட்டாள். எதற்கு இவ்வளவு அக்கறை?

புதன்கிழமை பகல் தூக்கம் கலைந்தபோது சாவி இடப்பக்கம் இருந்தது. நான் வலப்பக்கம்தான் செருகுவேன். சாயங்காலம் அவள் கணவன் காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினான். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நல்லதை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கடைச் சரக்கைக் கலக்கப் போகிறார்கள்.

"மூட்டையில என்ன?"

"ஜமீத்தான்ப்பா."

"அப்ப என் பெட்டியில இருந்தது?"

ருதைனா சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். எல்லாம் பச்சைப் பூசணம்.

"துணிப்பையில தொங்க விடுற பொருளைக் காத்துப் போகாம அடைச்சா என்ன ஆகும்? திருடன் வரலப்பா. நீங்கதான் கெடுத்தீங்க."

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மூட்டை மித்கால் வீட்டிலிருந்து வந்தது என்றாள். என் சித்தப்பா மகன். என் தகப்பனார் சாவுக்குப் பிந்தி வந்தான் என்று பதினோரு வருடமாக நான் பேசாதவன். கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. ருதைனா கேட்டதும் கொடுத்தானாம், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றானாம்.

சும்மா கொடுப்பானா? விருந்து முடிந்ததும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். என் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன் அப்படிப் பேச முடியாது. வியாழன் காலை மேலங்கியைப் போட்டுக்கொண்டு நானே போய் அழைத்தேன். ஏனென்று கேட்காமல் வருவதாகச் சொன்னான். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

விருந்தில் வீட்டுக்காரன் உட்காருவதில்லை. குழம்புப் பாத்திரத்தோடு தட்டுகளைச் சுற்றி வந்தேன். பெண்ணின் தாய்மாமன் முதல் கவளத்திலேயே நிறுத்தி, இது யார் வீட்டு ஜமீத் என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். மித்கால் சோற்றை உருட்டிக்கொண்டே நிமிராமல், நாயிஃபின் தகப்பன் என்று ஊர் என்னைக் கூப்பிடும் பெயரிலேயே சொன்னான்:

"அபூ நாயிஃப் வீட்டுக்கு வந்து இதைக் கேக்கறீங்களே. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

கேலியா, பெருந்தன்மையா? அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் பக்கம் குனிந்தேன்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க."

ஊற்றினேன். போதும் என்று அவன் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.