பதிவு எண் 4127

கணினியில் ஏற்றுவதற்காக நூலகத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எண் போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, அந்த மேல்நிலைப் பள்ளியின் புதுக் குமாஸ்தா உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். புத்தகங்கள் 4124-இல் முடிந்தன. சுவர்க் கடிகாரத்துக்கு 4125, ஏணிக்கு 4126. அப்புறம் அறையில் மிச்சம் இருந்தது நூலகர்தான். அவளுக்கு 4127. ஆசிரியர் என்ற கட்டத்தில் அவளுடைய அப்பா பெயர், பதிப்பு ஆண்டு என்ற கட்டத்தில் அவள் பிறந்த வருடம், அட்டை என்ற கட்டத்தில் 'துணி'. அவள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். திருத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் நேரம் கிடைக்கவில்லை.

நேரம் எங்கே கிடைக்கும்? காலையில் பூட்டைத் திறக்கும் முன்பே வேதியியல் சார் பாடத்துக்கு விளக்கப்படம் கேட்டு வாசலில் நிற்பார். இடைவேளையில் பத்தாம் வகுப்பு முழுவதும் வந்து மொய்க்கும். மூன்று மணிக்குமேல் தெருவே வரும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், மருந்துச் சீட்டு புரியாதவர்கள், பேப்பர் படிக்க வந்து குறட்டை விடும் ஓய்வுபெற்ற தபால்காரர். யார் என்ன கேட்டாலும் அவளே தேடி, பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டிவிடுவாள். அதனால் பல புத்தகங்களை யாரும் வீட்டுக்குச் சுமந்து போவதில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று வருடங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். சட்டப் புத்தகத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்து வைத்திருந்தார். மூன்று வருடத்தில் ஒருவர்கூட இரவல் வாங்காத எதையும் கழித்துக்கட்ட வேண்டும். பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு இனங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பழைய பேப்பர் வண்டி வந்துவிடும். கடிகாரத்தைத் தலைமையாசிரியை இரவல் வாங்கித் தன் அறையில் மாட்டிக்கொண்டார், ஏணி ஆய்வகத்துக்குப் போய் வந்தது. அவை இரண்டும் தப்பித்தன. பட்டியலின் கடைசி வரியில் 4127 இருந்தது.

"சார், இது நான்."

"தெரியுது மேடம். ஃபோட்டோகூட இருக்கு."

"நான் புத்தகம் இல்ல சார். பேரை எடுத்துடுங்க."

"கழிச்சுட்டா அதுவே போயிடும்."

"வேலை?"

"கழிச்ச பொருளுக்கு ஏது மேடம் வேலை?" என்றார் ஆய்வாளர். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது ஒரு தடவை உங்களை எடுத்துட்டுப் போனாப் போதும். ஒரே ஒரு கையெழுத்து."

இவ்வளவுதானா என்று அவளுக்கு உயிர் வந்தது. பதினாறு வருடமாக ஊருக்கே உழைத்திருக்கிறாள். ஒரு கையெழுத்துக்கா பஞ்சம்? நேரே வேதியியல் சாரிடம் போனாள்.

"சார், என்னை ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கினார். "அநியாயம் மேடம். ஆனா நீங்க வெளிய போயிட்டா நாளைக்கு எனக்குப் படம் யாரு எடுத்துக் குடுப்பா?"

பத்தாம் வகுப்பு அதைவிட மோசம். "மிஸ், நீங்க அங்க இருந்தாதான் எங்களுக்குப் படிப்பே ஏறும். போகாதீங்க மிஸ்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தபால்காரர் உடனே சம்மதித்தார், ஆனால் அவரிடம் இரண்டு புத்தகங்கள் ஏழு வருடமாகத் திரும்பாமல் இருந்தன. மூன்றாவது இனம் தரக் கூடாது என்பது அவளே எழுதி ஒட்டிய விதி. அதை மீற அவளுக்குக் கை வரவில்லை. இப்படியும் ஒரு பிறவி!

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவளுடைய வீட்டுக்காரர் புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு ஓடி வந்தார். குமாஸ்தா அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினார். உறுப்பினர் அட்டை வர ஏழு நாள் ஆகுமாம்.

"பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன், நான் மெம்பர் இல்லயா?" என்று அவர் கத்திய கத்தலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ஆனாலும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் தராசை நூலக வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். பேப்பர்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சாக்குல வருவாங்களா, நடந்து வருவாங்களா?" என்று கேட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் தலைமையாசிரியை கையில் ஒரு சிவப்புச் சீட்டோடு மூச்சிரைக்க வந்தார்.

"சார், இவங்க ரெஃபரன்ஸ். எல்லாரும் இங்கயே வந்து பாத்துக்கிற இனம். ரெஃபரன்ஸைக் கழிக்கலாமா?"

ஆய்வாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "கழிக்கக் கூடாது," என்று ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியை சீட்டை அவள் தோளில் அழுத்தி ஒட்டினார். பள்ளிக்கூடமே கைதட்டியது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். தன்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு பிரியமா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நாலரை மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆய்வாளர் வாசலை மறித்தார்.

"சிவப்புச் சீட்டு வாசலைத் தாண்டக் கூடாது மேடம்."

"வீட்டுக்குப் போகணும் சார்!"

"ராத்திரி இரவல் உண்டு," என்றார் தலைமையாசிரியை அவசரமாக. "சாயங்காலம் எடுத்துட்டுப் போயி காலையில ஒன்பதுக்குள்ள கொண்டாந்துடணும். மெம்பருங்களுக்கு மட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, வரிசை நின்றுவிட்டது. மூன்று நாளாக ஒரு நாள்கூட எடுக்க மாட்டேன் என்றவர்கள் இப்போது முண்டியடித்தார்கள். ராத்திரி என்றால் பகலில் அவள் இல்லாமல் போக மாட்டாளே! வேதியியல் சாருக்குக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். ஒரு மாணவியின் அம்மாவுக்கு ஆறு விண்ணப்பங்கள். தபால்காரர் வீட்டுக்கு ஓடிப்போய் ஏழு வருடப் பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்தார். பெயர்கள் அடுத்த மாதம் பதினைந்து வரை போயின. எழுதியது அவள்தான். வரிசையைக் கண்டால் அவள் கை தானாக எழுத ஆரம்பித்துவிடும்.

வரிசையின் கடைசியில் வீட்டுக்காரரும் எட்டு வயது மகளும் நின்றார்கள்.

"எங்களுக்கு எப்போ?" என்றாள் மகள்.

"உங்களுக்கு இன்னும் கார்டு வரலயேம்மா," என்றார் தலைமையாசிரியை, உண்மையான வருத்தத்தோடு.

நூலகருக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கைதட்டியவர்களும் இவர்கள்தான், வரிசையில் நிற்பவர்களும் இவர்கள்தான், பெயர் எழுதிக்கொண்டிருந்த புண்ணியவதி அவளேதான். பேனாவைப் பட்டென்று வைத்தாள். மேசை இழுப்பறையின் அடியிலிருந்து பைண்டிங் பதிவேட்டை உருவினாள். கிழிந்த புத்தகம் பழுதுபார்க்கப் போகும்போது அதில் எழுதினால் போதும். சிவப்புச் சீட்டு இருந்தாலும் வெளியே போகலாம்.

எண்: 4127. பழுதின் விவரம்: பலரும் புரட்டியதால் முழுவதும் தளர்ந்துவிட்டது. பழுதுபார்ப்பவர்: வீட்டுக்காரர்.

"திரும்பி வர்ற தேதி போடலயே?" என்றார் ஆய்வாளர்.

"பைண்டிங்குக்குப் போன புக்கு என்னிக்குத் திரும்பி வரும்னு உங்க சட்டத்துல எங்கயாச்சும் இருக்கா சார்?"

ஆய்வாளர் தேடினார். இல்லை.

"அப்ப திங்கக்கிழமை படம்?" என்று வேதியியல் சார் முனகினார். அவள் மூன்றாம் அலமாரியைக் கை காட்டிவிட்டு, பதிவேட்டை வீட்டுக்காரர் பக்கம் திருப்பினாள். அவர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், பழுது என்ற கட்டத்தைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று மெல்லக் கேட்டார்.

"எழுதுறப்பதாங்க எனக்கே தெரிஞ்சுது," என்றாள்.