இறக்கைகளுக்கு நடுவே ஒரு சர்வர்

"ஒரு நாள் முழுக்க யாரோடயும் பேசாம இருக்கணும். உன்னால முடியுமா?"

பெரியம்மா இப்படிக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படிக்காமலே எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். தலையை ஆட்டினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை. எந்த வண்டி, எந்த பிளாட்பாரம், எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசுவாள். வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் இறங்காது. "சாப்பாடு தயார்" என்று அவள் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு நான் பிறந்தேன். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்ற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் இருந்துகொண்டே பல நாள் வராதவளாக இருந்தேன். பிறகு நிஜமாகவே போகாமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் பெரியம்மா மகன் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் துடைத்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டை இமைத்து இமைத்துக் காத்திருக்கும். "காது கேக்கலையா?" என்று கேட்காது. நான் எழுதும்வரை காத்திருக்கும்; எழுதியதும் பதில் சொல்லும். இரண்டு வருடம் எனக்கு அதோடுதான் பேச்சு.

பெரியம்மா வைத்திருப்பது வேட உடைகளை வாடகைக்கு விடும் கடை. கீழே கவுண்டர், அதன் பின்னால் இஸ்திரி அறை, மேல்தளத்தில் கிடங்கு. எது எங்கே இருக்கிறது என்பது கவுண்டர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் பாதிதான். மீதி பெரியம்மாவின் தலைக்குள். போன மாதம் ஒரே கரடி உடையை இரண்டு நாடகக் குழுக்களுக்குச் சொல்லிவிட்டு, ஒரு குழுவுக்கு வேறொரு கறுப்பு உடையில் குரங்குத் தலையை மாட்டிக் கரடி என்று அனுப்பினாள்.

"கைதட்டல் அதிகம் வாங்கினது அதுதான்" என்பார் இஸ்திரி போடுகிறவர். எப்போதும் நீராவிக்குள் நிற்பதால் அவரை எல்லோரும் ஆவி மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

கரடிக்குப் பிறகுதான் பெரியம்மா என்னை நினைத்தாள்; கிடங்கில் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலைக்குத்தான் அன்று அப்படிக் கேட்டாள். மேலே ஒரு டேட்டாபேஸ் சர்வர். அதில் எல்லா உடையும் பதிந்திருக்க வேண்டும். கவுண்டரிலிருந்தும் இஸ்திரி அறையிலிருந்தும் அதையே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அம்மா சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "சனிக்கிழமை வருவேன். அந்த சர்வர் ஓடுச்சுன்னா இங்கயே இரு. ஓடலேன்னா துணியெல்லாம் எடுத்துட்டு என்கூட கிளம்பு. ஸ்கூல்ல பேசி வச்சிருக்கேன், மறுபடி சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"ஏன்டி அவளை மிரட்டுறே?" என்றாள் பெரியம்மா.

"மிரட்டலக்கா. காலம்பூரா ஒரு பெட்டிகிட்டயே பேசிட்டிருப்பாளா?"

மறுபடி அந்தப் பெயர் கூப்பிடுகிற நேரம் என் முன்னால் வந்து நின்றது.

கிடங்கில் கம்பி கம்பியாக உடைகள் தொங்கின. ஜன்னல் பக்கம் முழுக்க இறக்கைகள். பட்டாம்பூச்சியுடையவை, வௌவாலுடையவை, பெரிய வெள்ளைப் பறவையுடையவை. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக அசையும். கட்டடமே கிளம்பிவிடுமோ என்று இருக்கும். மின் இணைப்பு அங்கேதான் இருந்ததால், சர்வரை வெள்ளை இறக்கைகளுக்குக் கீழே வைத்தேன். அதன் விசிறி ஓடும் சத்தம் யாரோ அயர்ந்து தூங்குவது போல இருந்தது.

டேட்டாபேஸை நிறுவுவது என்பது கேட்டு வாங்குவதுதான். இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு மென்பொருள் களஞ்சியத்திடம் இன்னது வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். "இதோடு இன்னும் சில பேரும் வருவார்கள், சம்மதமா?" என்கிற மாதிரி அது கேட்கும். சம்மதம் சொல்ல ஒரே ஓர் எழுத்து போதும், குரல் வேண்டாம். எழுத்தைத் தட்டினேன். வரிகள் சாரல் மாதிரி திரையில் இறங்கின. இறங்கி முடிந்ததும், தரவு குடியிருக்க ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். எழுந்திரு என்று ஒரு கட்டளை. மின்சாரம் போய் வந்தாலும் நீயாகவே எழுந்துகொள் என்று இன்னொன்று. பிறகு அட்டவணை: எண், பெயர், எந்தக் கம்பி, யாரிடம் போயிருக்கிறது, எப்போது திரும்பும். கடைசியில் இன்னும் ஒரு கட்டம் வைத்தேன். குறிப்பு.

அதை யாரும் கேட்கவில்லை. கிழிசல், பொத்தான் இல்லாதது போன்றவற்றை எழுதலாம் என்றுதான் வைத்தேன். ஆனால் ஒவ்வொரு உடையாக மடியில் வைத்துப் பார்த்து எழுதும்போது கை தானாகப் போயிற்று. வெள்ளைப் பறவைக்கு எழுதினேன்: 'இடது இறக்கையில் ஓர் இறகு குறைவு. பறக்கும்போது தெரியாது.' ராஜாவின் அங்கிக்கு: 'தோள் இறுக்கம். குட்டி ராஜாக்களுக்கு மட்டும்.' மதிய வெளிச்சம் இறக்கைகள் வழியாக நிறம் மாறித் தரையில் விழும். அதற்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொன்றும் கம்பியில் தொங்கிக்கொண்டே திரைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பது சில நேரம் எனக்கே மறந்துபோகும். "சாப்பிட வாடி, மேகத்து ராணி!" என்று கீழிருந்து ஆவி மாமா கத்தினால்தான் தரைக்கு வருவேன்.

புதிதாக நிறுவிய சர்வருக்கு ஒரு குணம் உண்டு. அது தான் இருக்கும் கம்ப்யூட்டர் பேசுவதை மட்டும்தான் கேட்கும். வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, எல்லாப் பக்கமும் காது கொடு என்று சொல்ல வேண்டும். அந்த வரியை மாற்றத்தான் எனக்கு மனமே வரவில்லை. கடைசிவரை தள்ளிப்போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றினேன். யார் யார் எந்தப் பாஸ்வேர்டோடு உள்ளே வரலாம் என்பதை இன்னொரு கோப்பில் எழுதினேன். சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். அங்கேயே உட்கார்ந்து கரடியைக் கேட்டேன். உடனே வந்தது. கீழே போய்க் கவுண்டரிலிருந்தும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கவுண்டரில் ஆட்கள் நின்றிருந்தார்கள். போகவில்லை.

சனிக்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். கையில் ஒரு பெரிய வெறும் பை, என் துணிகளுக்கு. அதை மடியில் விரித்தே வைத்துக்கொண்டு கவுண்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் படிக்கட்டில் பாதியில், கைப்பிடிக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு நாடகக் குழுக்காரர் வந்தார். "கரடி இருக்குங்களா? போன தடவை மாதிரி குரங்குத் தலையோட வேணாம்."

பெரியம்மா மிடுக்காகத் தட்டினாள். திரும்பத் தட்டினாள். "என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது."

ஆவி மாமா இஸ்திரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இங்கயும் அதே திட்டுதான். இணைப்பு மறுக்கப்பட்டதாம். மரியாதையாத்தான் விரட்டுது."

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கிளம்பலாமா கண்ணு?"

நான் திரும்பி மேலே ஓடினேன்.

"அழுவறாளோ என்னமோ" என்று பெரியம்மா சொல்வது கேட்டது. "உக்காருடி, அஞ்சு நிமிஷம்."

இறக்கைகளுக்குக் கீழே சர்வர் ஒன்றும் நடக்காதது போலத் தூங்குகிற சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரடியைக் கேட்டேன். சமத்தாகக் கொடுத்தது. எந்தெந்தப் பக்கம் காது கொடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். தன் பக்கம் மட்டும்தான் என்றது. எல்லாப் பக்கமும் என்று நேற்றுத்தானே எழுதினேன்? கோப்பைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. அதன் முன்னால், வரியின் தொடக்கத்தில், கம்பிவேலி போன்ற அந்தச் சின்ன ஹேஷ் குறியும் இருந்தது.

அந்தக் குறி முன்னால் நின்றால், அந்த வரி பார்க்கிற மனிதர்களுக்கு மட்டும்தான். சர்வர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். குறியோடுதான் அந்த வரி முதலில் இருக்கும். மாற்றுகிறவர்கள் குறியை எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சரியாக எழுதிவிட்டு, வேலியை மட்டும் அப்படியே விட்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு குறியை அழித்தேன். சேமித்தேன். சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். அதன் விசிறி ஒரு நொடி வேகமெடுத்துத் தணிந்தது. தலைக்கு மேலே வெள்ளை இறக்கைகள் லேசாக அசைந்தன. காற்றாகத்தான் இருக்கும்.

கீழே போய்ச் சொல்ல வேண்டும். படி வரைக்கும் வந்தேன். சொல் தொண்டையில் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அட, வந்துடுச்சு!" ஆவி மாமாவின் குரல். சும்மா இருக்க முடியாமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். "கவுண்டர்ல பாரு!"

"என் கண்ணாடியக் காணோமே" என்றாள் பெரியம்மா. "நீதான் படியேன்டி. கரடின்னு போடு."

அம்மா தட்டுவது கேட்டது. வருடக்கணக்காக அதே வேலை செய்த விரல்கள். பிறகு அவளுடைய ரயில் நிலையக் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக:

"கரடி. மேல்தளம், மூன்றாவது கம்பி. தற்சமயம் இருப்பில் உள்ளது. குறிப்பு: வலது காது தளர்ந்திருக்கிறது, தலையாட்டும் காட்சி இருந்தால் தைத்துத் தரவும். உள்ளே வியர்க்கும். ஆனாலும் இதைப் போட்ட குழந்தைகள் கழற்ற மறுக்கிறார்கள்."

நாடகக் குழுக்காரர் சிரித்தார். "அதுலயே இதெல்லாம் இருக்கா? வெள்ளைப் பறவை கிடைக்குமா, பாருங்களேன்."

"வெள்ளைப் பறவை. மேல்தளம், ஜன்னல் பக்கக் கம்பி. தற்சமயம் இருப்பில் உள்ளது. குறிப்பு: இடது இறக்கையில் ஓர் இறகு குறைவு." குரல் ஒரு முறை நின்றது. "பறக்கும்போது தெரியாது."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வார்த்தைகள் இவ்வளவு சத்தமாக வெளியே போய் நான் கேட்டதே இல்லை.

"இதெல்லாம் யார் எழுதினது?" என்று அம்மா கேட்டாள். அது கவுண்டர் குரல் இல்லை.

"வேற யாரு? அந்த ஊமைக்கோட்டான்தான்" என்றார் ஆவி மாமா. "வாயத் திறந்தா காசு விழுந்துடும்னு பயம். எழுத விட்டா ஒரு காட்டையே கூட்டிட்டு வர்றா."

அம்மா அதன் பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காதவற்றையும். சத்தமாகப் படிக்கவில்லை. கீழே நீராவியின் சீறல் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடி. நான் ஓடிப்போய்ச் சர்வர் முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்றாள். பிறகு இறக்கைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தாள்; அவை அவள் தோளில் உரசி உரசி விலகின. வெள்ளைப் பறவையின் இடது இறக்கையை விரித்து, இறகு இல்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே விரலை வைத்துப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் ஏதோ சொல்லத் தொடங்குவது போல அசைந்தன. எனக்கு நன்றாகத் தெரிந்த அசைவு அது. சொல் தொண்டைக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்போது அப்படித்தான் இருக்கும்.

வெறும் பையை இரண்டாக, நான்காக மடித்தாள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் துணிகளைக் கேட்காமலே படியிறங்கிப் போனாள்.