திரையில் ஏறாத தண்ணீர்

திரையில் ஆற்றின் நீர்மட்டக் கோடு காலையிலிருந்து அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நேராகவே இருந்தது. வெளியே மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மழைக்கு இந்தக் கோடு இப்படிச் சாதுவாக இருக்கக் கூடாது.

ஒரே ஆற்றின் கரையில் மூன்று பல்கலைக்கழகங்கள். மலையடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடலோரத்தில் எங்களுடையது. பருவம் தப்பிக் கொட்டும் மழையை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சமாளிக்க முடியாது என்று, காலம் காலமாக முறைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவழியாகக் கைகோத்தோம். எல்லாருடைய நீர்மட்டக் கருவிகளும் சொல்வதை ஒரே திரையில் போட்டோம். பச்சை என்றால் பயமில்லை. கரையோர ஊர்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்குகின்றன.

என் மகளின் பள்ளியும் கரையோரம்தான்.

மலையடிவாரப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவருக்கு வாய் ஓயாது. அதனால் 'ரேடியோ' என்று பெயர். அவரை அழைத்தேன்.

"என்ன ரேடியோ, உங்க பக்கம் ஆறு தூங்குதா?"

"தூங்குதாவா? கேன்டீனுக்குள்ள தண்ணி வந்தாச்சும்மா! மேஜை மேல ஏறி நின்னு பேசறேன். நீங்க பாக்கலையா?"

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே ஏறலையே."

"ஐயையோ, அந்த விதி!" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று இடத்துக் கருவிகளும் மூன்று விதம். ஒன்று சருகு பட்டாலே பதறும். யார் கருவி யோக்கியம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் சமரசமானோம். அளவு சட்டென்று எகிறினால் அது கருவியின் கோளாறு. அதைத் தள்ளிவிட்டு முந்தைய அளவையே காட்ட வேண்டும். கைதட்டி டீ குடித்துக் கலைந்தோம். ஆறே சட்டென்று எகிறும் என்று அத்தனை முனைவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இங்க எப்போ வரும்?"

"பாதி வழி வந்திருக்கும்மா."

விதியை நீக்க மூன்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுப் பல்கலைக்கழகத்துக்காரர் வகுப்பில் இருந்தார், போன் அணைந்திருந்தது. மகளின் தலைமையாசிரியையை அழைத்தேன்.

"டீச்சர், பிள்ளைங்களை உடனே மாடிக்கு ஏத்துங்க. வெள்ளம் வருது."

"ஸ்கிரீன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன் மேடம். பச்சையாத்தானே இருக்கு? வதந்தியை நம்பாதீங்க, ஸ்கிரீனை நம்புங்கன்னு நீங்கதானே வந்து சொல்லிக் குடுத்தீங்க?"

"அதை நம்பாதீங்க டீச்சர். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என் பொண்ணு அங்க இருக்கா."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுதுவிட்டேன். என் படிப்புக்கு மசியாதவர் அழுகைக்கு மசிந்தார். போனுக்குள் மணி அடித்தது. பெஞ்சுகள் இழுபட்டன. படிகளில் குட்டிக் கால்கள் தடதடத்தன. அந்த இரைச்சலில் என் மகளின் குரலைத் தேடினேன். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி கத்தின.

"மேல வந்துட்டா மேடம். என் பக்கத்துலதான் நிக்கறா."

போன உயிர் திரும்பியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கரைப் பள்ளிக்கூடத்துலயும் இதே ஸ்கிரீனைத்தானே பாத்துட்டிருப்பாங்க? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா? நம்பர் இருக்கில்ல?"

கரை நெடுக எத்தனையோ பள்ளிகள். என்னிடம் இருந்தது என் மகள் படிக்கும் பள்ளியின் எண் மட்டும்தான்.