ஒரு மூலை சிவப்பு

அந்த வட்டாரத்தில் அவளை டெண்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயசு ஒன்றும் ஆகிவிடவில்லை. அம்மா என்ற பட்டம் தொழிலால் ஒட்டிக்கொண்டது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, சிறுதொழில் சங்கத்தின் மாடியறையில், ஒரு மேஜையும் முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறியும் அவளுடைய ராஜ்ஜியம். துடைப்பம் கட்டுகிறவர், சீருடை தைக்கிறவர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் என்று யார் படியேறி வந்தாலும் அரசாங்கத்துக்கு எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுத்து, காகிதங்களைத் தயார் செய்து, டெண்டர் பெட்டி வரைக்கும் கூடவே போவாள்.

"சர்க்காரும் ஒரு வாடிக்கையாளர்தான். என்ன, கொஞ்சம் கூச்ச சுபாவம். தானா கடைக்கு வராது, நாமதான் தேடிப் போகணும்" என்பது அவள் வழக்கமாக ஆரம்பிக்கும் பிரசங்கம். "எதைக் காட்டுறீங்களோ அதையேதான் குடுக்கணும். ஒரு நூல் வித்தியாசம் இருக்கக்கூடாது" என்று அதை முடிப்பாள்.

அவள் அனுப்பிவைத்தவர்களில் இதுவரை ஒருவர்கூட ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். எல்லாக் காகிதமும் அவர் கைவழியாகத்தானே போய்த் திரும்புகிறது.

இந்தத் தடவை விஷயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அரசு அலுவலகங்களின் வரவேற்பறைகளுக்கு முந்நூறு நாற்காலி வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அவளுடைய அத்தான், அக்காவின் கணவர், நாற்காலி செய்கிறவர். வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில் அவர் மரத்தை இழைத்துச் சட்டம் போடுவார், அக்கா மெத்தை தைப்பாள். டெண்டரம்மா போய் உட்கார்ந்து பேசிப் பேசியே கரைத்து, கையில் இருந்த ஒரு ஹோட்டல்காரரின் ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வைத்தாள். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஆள் கிடையாது. டெண்டர் கைவிட்டுப் போனால் கொட்டகையையும் கைவிட வேண்டியதுதான். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாதிரி நாற்காலியும் தயாரானது. முதுகு சாயும் இடத்தில் அழகான ஒரு வளைவு, கரும்பச்சை ரெக்ஸின் மெத்தை, சுற்றிலும் கறுப்புத் தையல். டெண்டரம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது மூலையில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் சிவப்பாக இருந்தது.

"என்னக்கா இது?"

"கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு. பின்னாடி மூலைதானே, யார் குனிஞ்சு பார்க்கப்போறா?"

"நான் பார்த்தேன்ல. சர்க்காருக்குப் போற மாதிரிடி, சே, மாதிரிக்கா. இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? கிழிஞ்ச மெத்தையைத் தைக்கிறவங்கன்னு நினைப்பாங்க."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பிரித்துத் தைக்க நேரமில்லை, அன்றைக்குத்தான் கடைசி நாள். நாற்காலி அப்படியே வண்டி ஏறியது. அன்றிலிருந்து அக்கா தங்கையோடு பேசவில்லை. பேசவில்லை என்றால், நேராகப் பேசவில்லை. டெண்டரம்மா எதிரே நின்றாலும், "உங்க கொழுந்தியாகிட்ட சொல்லுங்க, சாப்பாடு ஆறுதுன்னு" என்று அத்தானிடம் சொல்வாள். இவளும் விடுவாளா? "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, பசிக்கலைன்னு" என்பாள். அத்தான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

டெண்டர் திறக்கும் நாள் வந்தது. நீள மேஜை, சுற்றிலும் போட்டியாளர்கள். டெண்டரம்மா ஒரு ஓரத்தில், அவள் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் அத்தான். எதிரே பெரிய கம்பெனி ஒன்றின் ஏஜென்ட், நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டிருந்தார். தலைமை இடத்தில் அதிகாரி. சிடுமூஞ்சி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய மனிதர், அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"வருஷக்கணக்கா இருந்த முதுகுவலி, ரெண்டு வாரமா இருந்த இடம் தெரியலை. புதுசா ஒரு களிம்பு. பேரை எழுதித் தரேன், எல்லாரும் வாங்கிக்குங்க" என்றுதான் கூட்டத்தையே ஆரம்பித்தார்.

குமாஸ்தா ஒவ்வொரு பேராகப் படித்தார். மற்றவர்களின் நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை போட்டபடி சுவரோரம் வரிசையாக நின்றன. அத்தானுடைய நாற்காலியை மட்டும் காணோம். டெண்டரம்மா வரிசையை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். அவர் பேர் வந்ததும் குமாஸ்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"விலை குறைவு. காகிதமெல்லாம் சரி. மாதிரி இல்லை."

"இருக்குங்க ஐயா. நானே ஸ்டோர்ல ஒப்படைச்சேன். ரசீது இருக்கு" என்று எழுந்துவிட்டாள்.

அதிகாரி ரசீதை வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ரசீது சரிதாம்மா. ஆனா திறக்கிற நேரத்துல மாதிரி இந்த அறையில இருக்கணும்னு விதி. ரசீது மேல உக்கார முடியுமா? நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு, சுகமாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

ஸ்டோரில் தேடச் சொன்னார்கள். தேடிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஏஜென்ட் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அத்தான் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டு, "சரி விடும்மா. நீ எவ்வளவோ பண்ணிட்ட" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கொட்டகையும் இழைப்புளிச் சத்தமும் அக்காவின் தையல் மெஷினும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

நிராகரிக்கப்பட்டது என்று எழுதக் குமாஸ்தா பேனாவைத் திறந்தார். அவருக்கும் மனசு சரியில்லையோ என்னவோ, பேனா கை நழுவி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. அழுவதை மறைக்க அவளுக்கும் ஒரு இடம் தேவைப்பட்டது. "நான் எடுக்கறேன்" என்று குனிந்து உள்ளே போனாள்.

மேஜைக்கு அடியில் வேறொரு உலகம். ஏஜென்டின் பளபளக்கும் ஷூவில் ஒன்றின் அடி பிளந்திருந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். பேனா அவருக்கும் பின்னால் கிடந்தது. தவழ்ந்துபோய்க் கையை நீட்டியவளின் மூக்குக்கு நேரே, கரும்பச்சை ரெக்ஸினில், இடது மூலையில், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புத் தையல் தெரிந்தது.

முதலில் அவளுக்கு எதுவுமே புரியவில்லை. அப்புறம் எல்லாமே ஒரே நேரத்தில் புரிந்தது. சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, அடிவயிற்றிலிருந்து குதித்துக்கொண்டு வரும் சிரிப்பு. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். களிம்பு ஞாபகம் வந்தது, மறுபடி சிரித்தாள். எழுந்திருக்கப் பார்த்து மேஜையில் டமாரென்று தலையை இடித்துக்கொண்டாள்.

"பேனா கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

"கிடைச்சுது ஐயா. நாற்காலியும் கிடைச்சுது."

அவள் வெளியே வந்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அத்தான் பயந்துபோய்விட்டார், துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்.

"மாதிரி இந்த அறையில இருந்தா போதும், அவ்வளவுதானே ஐயா?"

"அவ்வளவுதான்."

"அப்ப ஒரு நிமிஷம் எழுந்திருங்க ஐயா."

"எதுக்கு?"

"உங்களுக்குக் கீழ ஒரு டெண்டர் இருக்கு."

அதிகாரி எழுந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் பாய்ந்துபோய் அந்தச் சட்டத்தைத் தடவினார், தொலைந்துபோன பிள்ளையைத் தடவுவதுபோல. கதவோரம் டீ டம்ளர்களோடு நின்ற பியூனுக்கு முகம் வெளிறிப்போனது.

"ஐயாவோட பழைய நாற்காலி ஒரு பக்கமா சாஞ்சுது. ஸ்டோர்ல இது சும்மாதானே நிக்குதுன்னு தூக்கிட்டு வந்தேன். ஏதோ அட்டை தொங்கிட்டு இருந்துது. பார்க்க நல்லா இல்லைன்னு பிச்சுப் போட்டுட்டேன்" என்றான்.

அதிகாரியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. "அப்ப களிம்பு?"

"களிம்பைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள் டெண்டரம்மா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

ஏஜென்ட் விடவில்லை. "உபயோகிச்ச நாற்காலி எப்படி மாதிரி ஆகும்? இது செல்லாது."

"நிபந்தனையை ஒரு தடவை படிங்க ஸார். மாதிரிகளை தினசரி உபயோகத்துல வச்சுச் சோதிச்ச பிறகுதான் முடிவுன்னு போட்டிருக்கு. உங்க நாற்காலியெல்லாம் உறைகூடப் பிரிக்காம நிக்குது. விதிப்படி சோதனை நடந்தது இது ஒண்ணுக்குத்தான். அதையும் ஐயாவே முன்னால நின்னு, இல்ல, உக்காந்தே நடத்தியிருக்கார்."

குமாஸ்தாவால் முடியவில்லை, ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி சிரிப்பாரா, சீறுவாரா என்று அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை ஒரு தரம் பார்த்தார், இடுப்பை ஒரு தரம் பிடித்துப் பார்த்தார், மறுபடி அதிலேயே உட்கார்ந்தார்.

"மாதிரி இருக்குன்னு எழுதிக்குங்க" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் டெண்டரம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "மத்த நாற்காலிகளையும் இதே மாதிரி சோதிச்சுடுங்க ஐயா. நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்லக்கூடாது" என்றாள். அத்தான் வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "கிடைச்சதை வாங்கிக்கிட்டு வர்ற பழக்கமே உனக்குக் கிடையாதா?"

"ஜெயிச்சா முறையா ஜெயிக்கணும் அத்தான். அப்புறம் ஒரு விஷயம். அந்தச் சிவப்பு மூலையைப் பத்தி மட்டும் அக்காகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

அத்தான் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று அக்கா கேட்கும்போதெல்லாம், ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த மாதம் அந்த அலுவலகமே ரெண்டுபட்டது. உறைகள் பிரிந்தன. ஆளுக்கொரு நாற்காலி, முறைவைத்து மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். ஏஜென்டின் நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தா நிமிரவே முடியாமல் அதிகாரியிடமே போய்க் களிம்பு கேட்டார். இன்னொன்று ஒவ்வொரு அசைவுக்கும் கீச்சென்று கத்தி, ரகசியமாகத் தூங்குகிறவர்களைக் காட்டிக்கொடுத்தது. அத்தானுடைய நாற்காலியின் முறைக்கு மட்டும் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அதிகாரியும் முறைப்படி மற்றவற்றில் உட்கார்ந்தார், முகம் மறுபடி சிடுசிடுத்தது.

ஆர்டர் வந்தபோது டெண்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. படியில் இறங்கி ஓடியவள், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காகிதத்தைக் காட்டினாள். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, முதல்முறையாகக் காசு வாங்காமல் ஒரு பிரதி எடுத்துத் தன் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். ஒட்டியதைத் திரும்பப் படித்தபோதுதான் கடைசி வரி அவள் கண்ணில் பட்டது. அனைத்து நாற்காலிகளும் ஒப்புதல் பெற்ற மாதிரிக்கு எவ்வித மாற்றமுமின்றி அமைய வேண்டும். மெத்தையின் பின்புற இடது மூலையில் உள்ள சிவப்புத் தையல் உட்பட.

கொட்டகைக்குப் போகும் வழியில் நூல் கடைக்குள் நுழைந்தாள். சிவப்பில் எத்தனை கண்டு இருக்கிறது என்று கேட்டாள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். டெண்டரம்மா ஆர்டரை அவர் கையில் கொடுத்தாள். படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து, உளிமேல் உட்காரப் பார்த்து, சுதாரித்துத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"என்னவாம் உங்க கொழுந்தியாளுக்கு?" என்றாள் அக்கா.

அத்தான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வேறு வழியில்லாமல் டெண்டரம்மா மெஷினுக்கு எதிரே வந்து நின்றாள். பையைத் திறந்து சிவப்பு நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக மெஷின் மேஜையில் வைத்தாள்.

"முந்நூறு நாற்காலியும் நம்மளுதுக்கா. முந்நூறுலயும் சிவப்பு மூலை வேணுமாம். சர்க்கார் உத்தரவு." கண்டுகளை வரிசையாக நகர்த்தி வைத்தாள். "அதை வச்சுத்தான் நம்ம நாற்காலியையே கண்டுபிடிச்சேன். அது இல்லைன்னா எல்லாம் போயிருக்கும். அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா. அழகாத்தான் இருக்கு."

அக்கா நூல்கண்டுகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சட்டென்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒரு கண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்க்காமல், நேராகத் தங்கையைப் பார்த்தாள்.

"இது வேற சிவப்புடி" என்றாள். "போய் மாத்திட்டு வா. ஒரு நூல் வித்தியாசம் இருக்கக்கூடாது."