சாவி கொடுத்த விரல்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று என் நாத்தனார் சொல்வார். உண்மைதான். ஆனால் காரணமில்லாத பெருமை இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறோம். பேட்டரி இல்லாத, தினமும் குமிழைத் திருப்பிச் சாவி கொடுக்க வேண்டிய, விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் அங்கே தயாராகின்றன. நான் பாகங்களைப் பூட்டுகிறவள், அவர் சோதிக்கிறவர். அவரிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

இந்த முறை ஒரு கடிகாரத்தின் இயந்திரத்தை முதல் திருகிலிருந்து கடைசித் திருகுவரை நான் தனியாகவே பூட்டியிருந்தேன். தேறினால் ஜன்னலோரப் பெரிய மேசை எனக்கு. இல்லாவிட்டால் மறுபடி பல்சக்கரம் துடைக்க வேண்டியதுதான். குமிழைத் திருப்பும்போது விரலுக்குத் தெரியும் மெல்லிய 'கிட் கிட்'டுக்காகவே ஒரு சின்ன ஸ்பிரிங்கைத் தேய்த்துத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கடைசிச் சோதனையில் ஒரே ஒரு முறை முழுச் சாவி கொடுத்து, தானாக நிற்கும்வரை கடிகாரத்தை ஓடவிட வேண்டும். நடுவில் சாவி கொடுத்துவிட்டால் சோதனை செல்லாது.

அந்தச் சோதனை தொடங்கிய மறுநாள் காலை நாத்தனார் என் கடிகாரத்தை எடுத்துக் காதருகே வைத்தார். கிட், கிட், கிட். அவர் விரல் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

விரல் நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ தலைக்குமேல் கோபம். வீட்டுச் சண்டையை இங்கே தீர்த்துக்கொள்கிறாரா?

"வேணும்னே பண்ணீங்களா?"

அவர் நேராக முதலாளி அறைக்கு நடந்தார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன்.

"சோதன கெட்டுப்போச்சு சார். நான்தான் சாவி குடுத்துட்டேன்."

முதலாளி நம்பவில்லை. "நீங்களா? உங்க கை தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்லயே."

"காலைல கைக்கு வர்ற கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். சோதனைல இருந்தா கைய அடக்கி வெச்சுக்குவேன். இதுலயும் முதல் சத்தம் கேட்டதும் நிறுத்தியிருக்கணும்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மனசு வரல சார். இவ்வளவு நல்லாத் திரும்பற ஒண்ண நான் தொட்டதே இல்ல."

எனக்கு அவரிடம் வாங்கின திட்டெல்லாம் மறந்துபோயிற்று.

முதலாளி மறுசோதனைக்குச் சொன்னார். நான் இடுக்கியையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தேன்.

"முடிவு வர வேணாமாம்மா?" என்றார் முதலாளி.

"வந்துடுச்சு சார்" என்றேன்.