இடது பக்கமே சாயும் பலகை

சுகன்யா மறுபடியும் சேற்றில் விழுந்தாள். நிஜச் சேறு இல்லை, டிவியில்.

அவள் நின்றிருந்தது கரிக்கலாம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், கணவன் அரிகரன் செய்த பிளைவுட் பலகைமேல். எடை மிஷினில் இருக்கும் சென்சார்களைப் பலகையின் நான்கு மூலையிலும் பொருத்தி, வயரை லேப்டாப்புக்கும் அங்கிருந்து டிவிக்கும் இழுத்திருந்தான். டிவியில் ஒரு வரப்பு. அதன்மேல் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண். பலகையில் நிற்பவர் எந்தக் காலில் பாரம் போடுகிறாரோ அந்தப் பக்கம் அவள் சாய்வாள். இரண்டு காலிலும் சமமாக நின்றால் வரப்பைக் கடந்துவிடுவாள். அவ்வளவுதான் விளையாட்டு.

அரிகரன் நின்றால் கடந்தாள். சுகன்யா நின்றால் இடது பக்கம் விழுந்தாள்.

"நேராத்தான் நிக்கிறேன். உங்க பலகைதான் கோணலா கீது" என்றாள் சுகன்யா.

அரிகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. வில்லியனூரில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் அர்ச்சனா, பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்களுக்கு இப்படி ஒன்று செய்யமுடியுமா என்று கேட்டிருந்தாள். மறுநாள் காலை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவளுக்குப் பிடித்துவிட்டால் பலகை செய்வதே தொழிலாகிவிடும், ஊரிலேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி வேலைக்கு ஓசூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அதற்காகப் பீரோ மேலிருந்து இறக்கிய பை, சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

சென்சாரை மாற்றினான். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்று அவனைக் கேலி செய்தது. சுகன்யாவின் தம்பி புகழ்வேந்தன் வந்தான். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே பலகையில் ஏறி, புல்லுக்கட்டுக்காரியை அலுங்காமல் கரை சேர்த்தான்.

"மாமா, உன் மிஷினுக்கு எங்கக்காவத்தான் புடிக்கல" என்றான்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு நூறு நாள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். அரிகரன் அவளையும் ஏற்றினான். அவளும் இடது பக்கமே விழுந்தாள். இடது வலது வயர்களை மாற்றிப் போட்டால் டிவியில் இருப்பவள் வலது பக்கம் விழுந்தாளே தவிர, பலகையில் நின்றவர்களின் பாரம் இடது காலில்தான் ஏறியது. ஆக, பலகை பொய் சொல்லவில்லை. அதுதான் அவனை இன்னும் குழப்பியது. குழந்தையை இடது இடுப்பில் வைத்துப் பழகியதால் பெண்கள் அப்படிச் சாய்கிறார்களோ என்று செல்லக்கண்ணுவிடமே கேட்டுவைத்தான். தன் கடைசிப் பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிட்டதாகச் சொல்லி அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

வயரைப் பழையபடி பூட்டி, மறுநாள் பலகையையும் லேப்டாப்பையும் ஆட்டோவில் ஏற்றி வில்லியனூர் போனான். அர்ச்சனா அவனை உட்காரக்கூடச் சொல்லாமல், அங்கிருந்த டிவியில் வயரை மாட்டச் சொல்லி, அப்போது பயிற்சிக்கு வந்திருந்த அருள்தாஸைப் பலகையில் ஏற்றினாள். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலை ஊன்றவே பயப்படுகிறார் என்று அர்ச்சனா சொல்லியிருந்தாள்.

அருள்தாஸ் நடைப்பயிற்சிக்கான இரு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றார். புல்லுக்கட்டுக்காரி இடது பக்கம் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். அரிகரன் மனசுக்குள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டான்.

"எனக்கு இது வராது டாக்டரம்மா. அந்தப் பொம்பள விழுந்துகினே கீது" என்றார் அருள்தாஸ்.

அர்ச்சனா டிவியையே பார்க்கவில்லை. தரையில் குந்தி அவருடைய இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஆடச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எவ்ளோ சொல்லியும் இந்தக் கால ஊனமாட்டீங்க. இப்ப மட்டும் எதுக்கு இதுல சாஞ்சீங்க?"

"சாயலியே. ஒதுங்கனேன்."

"எதுக்கு?"

"சுமையோட எதிர்ல வருதில்ல அந்தப் பொம்பள. வெறுங்கையா நிக்கிறவன்தான வரப்புல ஒதுங்கணும்?"

அரிகரன் டிவி பக்கம் கை நீட்டினான். "அது எதிர்ல வரலீங்க. முதுகக் காட்டிக்கினு போவுது" என்றான்.

மூன்று பேரும் டிவியைப் பார்த்தார்கள். புல்லுக்கட்டு தோள்வரை தொங்கியது. முகமும் இல்லை, பின்னலும் இல்லை. ஒரே நிறத்தில் ஒரு சேலை. வரப்பும் வெறும் பழுப்புக் கோடு. போகிறாள் என்று அவன் வரைந்தான். வரைந்தவனுக்குத்தான் அது தெரியும்.

சாயங்காலத்துக்குள் பின்னல் வரைந்து சரிசெய்து தருவதாக அவசரமாகச் சொன்னான்.

"போற மாதிரி மாத்திடாதீங்க" என்றாள் அர்ச்சனா. புல்லுக்கட்டுக்காரி நிஜமாகவே எதிரே நடந்து வரட்டும், ஒதுங்கினால் கடந்து போகட்டும், ஒதுங்காவிட்டால் சேற்றில் விழட்டும் என்றாள். வலது கால் பலவீனமானவர்களுக்கு வலது பக்கம் ஒதுங்கும்படியும் வேண்டும். முதலில் இரண்டு பலகை போதும், பிறகு மற்ற இடங்களுக்கும் சொல்கிறேன் என்றாள். அரிகரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தான் செய்தது ஒரு விளையாட்டு, இவர்கள் ஆடியது வேறொரு விளையாட்டு. இதில் எது விலைபோனது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுகன்யாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் பலகையின் வயரை மாட்டி டிவியைப் போட்டான்.

"இந்தப் பொம்பள போறாளா, வராளா?"

"வராங்க. இது இன்னா கேள்வி?"

"அப்ப நீ யாரு?"

"நான் எதிர்ல போறவ." அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பையை எடுத்துப் பீரோமேல் போட்டாள்.

அரிகரன் பலகையில் ஏறி நின்றான். டிவியில் புல்லுக்கட்டுக்காரி போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் போய்க்கொண்டேதான் இருந்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். சட்டென்று எதிரே வந்துகொண்டிருந்தாள். அவனைக் கேட்காமலே இடது கால் பலகையை அழுத்தியது.

புல்லுக்கட்டுக்காரி சேற்றில் விழுந்தாள்.