கல்லாற்றில் விழும் முள்

கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் முள் விழுந்துவிடும். அதற்கு வேறு இடமே கிடைக்காது. மக்கீன் வீதியைப் பார்த்து ஓட்டுவார். முள்ளைப் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் மனைவி ஹுஸ்னியாவின் வேலை. "முள் விழுந்திட்டு," என்பாள், சோறு வடித்தாயிற்று என்று சொல்லும் அதே குரலில்.

அது ஒயில் மீற்றரின் முள். பூச்சியத்தில் கிடந்தால் எஞ்சினுக்குள் ஒயில் ஏறவில்லை என்று அர்த்தம். பார்க்காதமாதிரி ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் இறுகி நடுவீதியில் நின்றுவிடும். ஆகவே மக்கீன் காரை ஓரம்கட்டி, பொனற்றைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்ப்பார். ஒயில் நிறைய இருக்கும். முழங்காலில் நின்று அடியில் பார்ப்பார். ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. வெயிலில் காய்ந்து நின்று, எஞ்சின் சூடு தணிந்தபின் ஸ்டார்ட் பண்ணினால் முள் ஒன்றுமறியாத பிள்ளைமாதிரி எழும்பி நிற்கும். களுவாஞ்சிகுடி வருமுன் மறுபடி படுத்துவிடும். வயசான காருக்கு இவ்வளவு நடிப்பு ஆகாது.

முன்பு வீட்டுத் தறியில் நெய்த சாறன் பொதிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுவரை கடைகடையாகப் போன கார்தான் அது. இப்போது மருதமுனையிலிருந்து மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்குக் கிழமையில் இரண்டு நாள் போகிறது. ஹுஸ்னியாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துதான் அவள் உயிரோடு இருக்கிறாள். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

போன வியாழக்கிழமை முள் எழும்பவே இல்லை. மேலே போகத் துணிவில்லாமல் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கே திரும்பினார்கள். அன்று ஹுஸ்னியா மீன் ஆணத்தோடு ஒரு பிடி கூடுதலாகச் சோறு தின்று, பின்னேரம் அஸர் தொழுகைவரை தூங்கினாள். களைத்த மனிசி, தூங்கட்டும் என்று மக்கீன் விட்டுவிட்டார்.

மறுநாள் கராஜ்காரன் ஒருவன் காதைக் கொடுத்துக்கூடக் கேட்காமல், எஞ்சினை இறக்க வேண்டும், ஒரு மாதம் செல்லும் என்றான். மக்கீன் வீட்டில் வந்து சொன்னார்.

"அப்ப உடுங்க," என்றாள் ஹுஸ்னியா. "பஸ்ஸில எனக்கு ஏலா. மத்தவங்கட வாகனத்தில சத்தி எடுத்து வெக்கப்படவும் ஏலா. கார் சரியானாப் போவம்."

கார் சரியானால் போவோம். அந்தச் சொல் மக்கீனை இரவெல்லாம் அரித்தது. சனிக்கிழமை காலையே பாண்டிருப்பில் வேறொரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோனார். திங்கட்கிழமை அடுத்த முறை. அதையும் தவறவிட முடியாது.

அங்கே மெக்கானிக் அழகரெத்தினம் எஞ்சினை ஓடவிட்டு, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. மக்கீனுக்கு அதுவே பெரிய எரிச்சல்.

"ஒயில் இல்லாம ஓடின எஞ்சின் இப்படிக் கதைக்காது காக்கா," என்றார் கடைசியில், மக்கீனை அண்ணன் முறை சொல்லி. "ஒரு தட்டுற சத்தமும் இல்ல. முள்தான் பொய் சொல்லுது போல."

"பொய்யெண்டா எங்க பொய்?"

"அதத்தானே பாக்கணும்."

எஞ்சின் பக்கத்தில் ஒயில் சுவிட்ச் என்று ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். அதுதான் மீற்றருக்குச் செய்தி அனுப்புவது. அழகரெத்தினம் அதன் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டார். உள்ளே முள் உச்சிக்குப் பாய்ந்தது. ஆகவே மீற்றரும் நல்லது, வயரும் நல்லது. பிறகு சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் தன்னுடைய குழாய் மீற்றரைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார். ஒயில் அழுத்தம் சூடேறிய பின்னும் அசையாமல் நின்றது. எஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை. கழற்றிய சுவிட்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சிரித்தார்.

"என்ன காக்கா இது? எஞ்சினுக்குச் சாறன் உடுத்தியிருக்கீங்க."

சுவிட்சின் திருகு புரியெல்லாம் பச்சை நூல். தறி நூல், வார்னிஷ் பூசி இறுக்கியது. மருதமுனையில் பைப் ஒழுகினாலும், தண்ணீர்ப் பம்ப் ஒழுகினாலும் தறி நூலைத்தான் சுற்றுவார்கள். கடைக்கு யாரும் ஓடுவதில்லை. நோன்பு மாதத்தில் இந்த இடத்தில் ஒயில் கசிந்தபோது மக்கீனும் அதையே செய்யப் பார்த்தார். தன் விரல் தடித்தது என்று சுவிட்சை ஹுஸ்னியாவிடம் சுற்றக் கொடுத்தார். அப்போது அவள் தறியில் இருந்தாள்.

"சுத்தின கை நல்ல கை. ஒரு சொட்டு ஒழுகாது," என்றார் அழகரெத்தினம். "ஆனா சுவிட்சும் எஞ்சினும் நேருக்கு நேர் முட்டினாத்தான் கரண்ட் போகும். நூல் நடுவில நிண்டு மறிக்குது. கொஞ்சம் முட்டிக்கொண்டிருந்தது, சூடேறிக் குலுங்கக்குள்ள விட்டுப்போகுது."

நூலை உரித்து, புரியைத் துலக்கி, சுவிட்சுக்கு அடியில் ஒரு செப்பு வளையம் போட்டுத் திருகினார். முள் எழும்பி நடுவில் நின்றது. மக்கீன் பாண்டிருப்பைச் சுற்றிச்சுற்றி ஓட்டிப் பார்த்தார். விழவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் ஹுஸ்னியா தறிக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன.

"எஞ்சின் நல்லா இரிக்கி புள்ள, அல்ஹம்துலில்லாஹ். எல்லாம் உன்ட நூல் பாத்த வேல," என்று உரித்த பச்சை நூலை அவள் கையில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "என்ட முடிச்சுத்தான்," என்றாள். சிரிக்கவில்லை. "அப்ப திங்கக்கிழம போகணும்."

"ஓம்."

நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "முள் விழக்குள்ள எல்லாம் எனக்குச் சந்தோசமா இரிந்த," என்றாள் பிறகு. "இண்டைக்கி ஊசி குத்த மாட்டாங்க, ஊட்டில படுக்கலாம் எண்டு. கார் கெட்டுப்போனா, நான் மாட்டன் எண்டு வாயால சொல்லத் தேவையில்லத்தானே. நான் களைச்சிட்டன்."

மக்கீனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொதிக்கும் பொனற்றில் கை சுட்டு, தார் வீதியில் முழங்கால் தேய்ந்து அவர் நின்றபோதெல்லாம் இவள் உள்ளே சந்தோசமாக இருந்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தவருக்கு, ஒரு மாதம் செல்லும் என்று அந்தக் கராஜ்காரன் சொன்ன நேரம் ஞாபகம் வந்தது. அப்போது தன் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கி இலேசானதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் வந்த வழியே போய்விட்டது.

"எனக்கும் களைப்புத்தான் புள்ள," என்றார். "ஆனா உன்ன உட்டுட்டு வாற ஓய்வு எனக்கு வேணாம்."

அவள் நூலைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மறுநாள் முழுக்க அதைப்பற்றிப் பேச்சே எழவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு மக்கீன் காரை வெளியே எடுத்தார். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாக இருந்தது. ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹுஸ்னியா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ஏறிக்கொண்டாள்.

பெரியநீலாவணை தாண்டியும் அவள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மக்கீனும் முள்ளைப் பார்க்கவில்லை. விழுந்தால் என்ன செய்வது, விழாவிட்டால் அவளிடம் என்ன சொல்வது, இரண்டும் அவருக்குத் தெரியவில்லை. கல்லாற்றுப் பாலம் வந்தது. போனது. அவர் கண் மெல்ல மீற்றர் பக்கம் சாய்ந்தது.

"நடுவிலதான் நிக்கிது," என்றாள் ஹுஸ்னியா, சோறு வடித்தாயிற்று என்று சொல்லும் அதே குரலில். "நீங்க ரோட்டப் பாருங்க. இத நான் பாத்துக்கிறன்."